நூலும் தலமும்: இடைக்கால ஐரோப்பிய இலக்கியம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

ஒரு நூலைக் கற்று அதன் சுவையில் ஈடுபட்டோர், அந்நூலிற் கூறப்பெற்ற ஊரையும் ஆற்றையும் ஒருமுறையேனும் நேரிற் காணவேண்டும் என்று விழைதல் இயல்பேயாகும். தமிழர்க்கு இவ்விழைவு புதியதன்று. 'பாடல் பெற்ற தலம்' என்னும் வழக்கே, பாட்டினால் ஓர் ஊர் பெருமையுறும் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்குத் தக்க சான்றாம். மேனாட்டிலும் இவ்வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இக்காலத்தில் அஃது இலக்கியச் சுற்றுலா என்னும் பெயரால் ஒரு பெருந்தொழிலாகவும், பல்கலைக்கழகங்களில் ஆராய்தற்குரிய ஒரு துறையாகவும் வளர்ந்துள்ளது.

இத்துறையில் முதற்கண் எழும் வினா இது: நாம் காணச் செல்லும் இடம் மெய்யாகவே அந்நூலுக்கு உரியதா? உரியதன்றெனின், அங்குச் செல்வதனால் ஆகும் பயன் யாது? இடைக்கால நூல்களைப் பொறுத்தமட்டில் இவ்வினா மிகவும் கூர்மையுடையதாகின்றது. அக்காலப் புலவர் வாழ்ந்த வீடுகள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. அவர்தம் கையெழுத்தும் கிடைப்பதரிது. தாந்தே தம் கைப்பட எழுதிய ஒரு வரியேனும் இன்று நமக்குக் கிடைத்திலது. இவ்வாறு வெற்றிடமாய் நின்றதைப் பின்வந்த காலத்தார் தம் விருப்பத்திற்கேற்ப நிரப்பினர். எவ்வெவ்வாறு நிரப்பினர் என்பதை மூன்று எடுத்துக்காட்டுகளால் ஈண்டு ஆராய்வாம்.

1. நூல் கட்டிய கோட்டை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் நாட்டுக் கடற்கரையில் டின்டாஜல் என்னும் பாறைத்தலம் ஒன்று உண்டு. மான்மத் ஊரினரான ஜெப்ரி என்பார் ஏறத்தாழ கி. பி. 1136-ஆம் ஆண்டில் இலத்தீன் மொழியில் இயற்றிய பிரித்தானிய அரசர் வரலாற்றில், ஆர்தர் மன்னன் கருவுற்ற இடம் இதுவே எனக் கூறினார். அவர் எழுதியபோது இன்று நாம் காணும் கோட்டை அங்கு இருந்ததில்லை. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, மூன்றாம் ஹென்றி மன்னனின் தம்பியாகிய கார்ன்வால் பிரபு ரிச்சர்டு, 1233-ஆம் ஆண்டளவில் அந்நிலத்தைப் பெற்று அங்கே ஒரு கோட்டை எழுப்பினான். போர்க்கோ வாணிகத்திற்கோ அவ்விடம் அத்துணைப் பயன்படுவதன்று. ஆர்தர் கதையின் பெருமையைத் தன் குலத்திற்கு ஆக்கிக்கொள்ளுதலே அவன் கருத்தாயிருந்தது என்பர் அறிஞர். ஆகவே, கோட்டையைக் கண்டு கதை பிறந்ததில்லை. கதையைக் கேட்டே கோட்டை எழுந்தது.

இருபதாம் நூற்றாண்டில் அங்கு அகழ்ந்து பார்த்தவர்கள், ஐந்து ஆறாம் நூற்றாண்டுகளில் நடுநிலக் கடல் நாடுகளிலிருந்து வந்திறங்கிய மட்கலங்களின் ஓடுகளைத் திரளாகக் கண்டனர். செல்வமிக்க தலைவர் சிலர் அங்கு வாழ்ந்தனர் என்பது இதனாற் பெறப்படும். ஆயின் ஆர்தர் என்பான் ஒருவன் அங்கு வாழ்ந்தான் என்பதற்கு இவ்வோடுகள் சான்றாகா. 2016-ஆம் ஆண்டில், மந்திரவாதி மெர்லினின் முகம் அப்பாறையிற் செதுக்கப்பட்டபொழுது, கார்ன்வால் வரலாற்றறிஞர் சிலர், தம் நாட்டின் மெய்வரலாறு கட்டுக்கதைக்கு இரையாகின்றதென்று முறையிட்டனர். அம்முறையீடு நியாயமுடையதே. எனினும், கதைக்காகவே எழுந்த கோட்டையில் எது மெய், எது பொய் எனப் பிரித்தல் எளிதன்று என்பதையும் நாம் மறத்தலாகாது.

இதனினும் வியப்புக்குரியது கிளாஸ்டன்பரி மடத்தின் செய்தி. 1184-ஆம் ஆண்டில் அம்மடம் தீக்கிரையாயிற்று. அதனைப் புதுக்குதற்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. 1191-ஆம் ஆண்டில் அம்மடத்துத் துறவிகள் தம் இடுகாட்டை அகழ்ந்து, ஆர்தரின் எலும்பும் அவன் தேவியின் எலும்பும் கிடைத்தன என்றும், பெயர் பொறித்த ஈயச்சிலுவை ஒன்றும் உடனிருந்ததென்றும் அறிவித்தனர். 1278-ஆம் ஆண்டில் முதலாம் எட்வர்டு மன்னனே நேரில் வந்து அவ்வெலும்புகளைப் பெருஞ்சிறப்புடன் மீண்டும் அடக்கம் செய்வித்தான். 1539-ஆம் ஆண்டில் மடம் கலைக்கப்பட்டபின் அவை மறைந்தொழிந்தன. இஃது ஒரு புனைவே என்பது இக்கால ஆராய்ச்சியாளர் பெரும்பாலாரின் துணிபு. இலக்கியப் புகழை வைத்து யாத்திரிகரை ஈர்க்கும் தொழில் நம் காலத்தில் தோன்றியதன்று, இடைக்காலத்திலேயே முற்ற வளர்ந்திருந்தது என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

2. தலம் அழிந்தும் நின்ற நூல்

கல்லூரி மாணவர் பலரும் அறிந்த கான்டர்பரிக் கதைகளை இனி நோக்குவாம். தலைமைக் குருவாகிய தாமஸ் பெக்கெட் 1170-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள் கான்டர்பரித் தேவாலயத்தினுள்ளேயே வெட்டுண்டு மாண்டார். 1173-ல் அவர்க்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பெற்றது. அவர் சமாதியை நாடி நாடெங்கிலுமிருந்து மக்கள் திரண்டனர். அத்தகைய யாத்திரைக் கூட்டம் ஒன்று, லண்டன் நகரின் தென்கரையில் சவுத்தர்க்கு என்னுமிடத்து டாபார்டு சத்திரத்திற் கூடி, வழிநடை வருத்தம் தோன்றாதிருக்கக் கதை சொல்லிக்கொண்டு போவதாகச் சாசர் தம் நூலை அமைத்தார்.

இன்று அவ்வழியே செல்வார் காண்பது யாது? சத்திரம் 1676-ஆம் ஆண்டுத் தீயில் அழிந்து மீண்டும் கட்டப்பட்டுப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் முற்றிலும் இடிக்கப்பட்டது. அஃது இருந்த இடத்தை ஒரு பலகையே இன்று அறிவிக்கின்றது. எட்டாம் ஹென்றியின் ஆணையால் 1538-ல் சமாதி தகர்க்கப்பட்டது. அது நின்ற வெறுந்தரையில் ஒரு மெழுகுத்திரி எரிந்துகொண்டிருக்கின்றது. பயணத்தின் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. அன்றியும், சாசர் தம் நூலை முற்றுவித்திலர். அவர்தம் யாத்திரிகர் கான்டர்பரியைச் சென்றடைந்ததாக அந்நூல் கூறவுமில்லை. ஆயினும் இத்துணை ஆண்டுகளாகப் படிப்போர் அவ்வழியைத் தேடிச் செல்கின்றனர். பொன்னும் மணியும் பதித்த சமாதி நிலைபெறவில்லை. அதனை நோக்கி நடந்த ஆலைக்காரனும் வணிகனும் பாத் நகரத்து மாதும் நூலினுள்ளே இன்னும் நடந்துகொண்டிருக்கின்றனர்.

சாசரின் கல்லறையைப் பற்றியும் ஒரு சொல். 1400-ஆம் ஆண்டில் அவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றது கவிஞர் என்னும் காரணத்தாலன்று. அரசாங்க ஊழியம் செய்தவரும் அம்மடத்து நிலத்தில் குடியிருந்தவருமாயிருந்தமையாலேயாம். 1556-ல் அவர்க்குப் புதிய கல்லறை அமைந்தது. 1599-ல் ஸ்பென்சர் அவர் அருகில் அடக்கம் செய்யப்பெற்றார். இங்ஙனம் படிப்படியாகவே அவ்விடம் 'கவிஞர் மூலை' எனப் பெயர்பெற்றது. ஒரு தலத்தின் பெருமை தோன்றிய நாள் ஒன்று, அதனைப் பற்றி மக்கள் எண்ணும் நாள் வேறொன்று என்பது இதனால் விளங்கும்.

3. இரு நகரங்களின் வழக்கு

மேற்கூறிய இரண்டினும் விரிவாக ஆராய்தற்குரியது தாந்தேயின் வரலாறு. அவர் 1265-ல் பிளாரென்ஸ் நகரிற் பிறந்தார். அந்நகரின் ஆட்சித் தலைவர் அறுவருள் ஒருவராக 1300-ஆம் ஆண்டில் இருதிங்கள் பணிபுரிந்தார். கட்சிப்பூசலில் எதிர்க்கட்சி மேலோங்கவே, 1302-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர்மீது தண்டமும் நாடுகடத்தலும் விதிக்கப்பட்டன. அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், அகப்பட்டால் அவரை உயிரோடு எரித்துவிடுக என்று தீர்ப்பு எழுதப்பட்டது. அதன்பின் அவர் தம் ஊரைக் கண்டிலர். பல அரசர் மனைகளில் தங்கி, இறுதியில் இராவென்னா நகரத் தலைவன் கீதோ நொவெல்லோவின் ஆதரவில் வாழ்ந்து, 1321-ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கேயே உயிர்நீத்தார். அவர்தம் பெருநூலாகிய 'தெய்விக நாடகம்' நாடிழந்தார் ஒருவரின் நூலாகும். தாம் ஞானஸ்நானம் பெற்ற கோயிலில் என்றேனும் ஒருநாள் கவிஞர்க்குரிய முடி சூட்டப்பெறுதல் கூடும் என்னும் நம்பிக்கையை அந்நூலின் இறுதிக் காண்டத்தில் அவர் வெளியிட்டுள்ளார்.

உயிரோடிருந்த கவிஞரைத் துரத்திய நகரம், இறந்த கவிஞரைத் தனக்குரியராக்கிக்கொள்ள விரும்பிற்று. 1373-ஆம் ஆண்டில் போக்காச்சியோ என்னும் புகழ்பெற்ற ஆசிரியர், நகரத்தாரின் பொருளுதவியுடன், தாந்தேயின் நூலுக்குப் பிளாரென்ஸில் பொதுவிரிவுரை நிகழ்த்தத் தொடங்கினார். 1396 முதலாகப் பன்முறை அந்நகரத்தார் கவிஞரின் எலும்பைத் தருமாறு இராவென்னாவைக் கேட்டனர். 1519-ஆம் ஆண்டில், பிளாரென்ஸ் மெதிசி குடும்பத்தவராகிய பத்தாம் லியோ போப்பரசரின் இசைவும் கிடைத்தது. தக்கதொரு கல்லறை தாமே சமைத்துத் தருவதாக மிக்கேலாஞ்சலோவும் அவ்விண்ணப்பத்திற் கையொப்பமிட்டார். தூதர் இராவென்னா சென்று கல்லறையைத் திறந்தபோது உள்ளே எலும்பில்லை! அடுத்திருந்த மடத்துப் பிரான்சிஸ்கத் துறவிகள் சுவரைத் துளைத்து முன்னரே அவற்றை எடுத்து ஒளித்துவிட்டனர்.

அவ்வெலும்புகள் 1677-ல் ஒரு மரப்பெட்டியுள் வைக்கப்பெற்றன. 1810-ல், மடத்தைவிட்டுத் துறவிகள் நீங்க நேர்ந்தபொழுது, அப்பெட்டி சுவரினுள் வைத்துப் பூசப்பட்டது. நாளடைவில் அஃது இருக்குமிடம் மறந்துபோயிற்று. இவ்விடைக்காலத்தில், 1781-ல் எழுப்பப்பெற்ற சிறு கோயிலை நாடிவந்த அன்பர் பலரும் வெறுங்கல்லறையையே வணங்கிச் சென்றனர். ஆங்கிலக் கவிஞர் பைரனும் 1819 முதல் 1821 வரை இராவென்னாவில் தங்கி, அக்கல்லறையருகிற் பன்முறை நின்று, தாந்தேயைப் பற்றி ஒரு பாட்டும் இயற்றினார். 1865-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள், கவிஞரின் அறுநூறாம் ஆண்டு விழாவுக்காகப் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது, பெட்டி தற்செயலாகக் கிடைத்தது. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சுக்கு அஞ்சி, 1944 மார்ச்சு முதல் 1945 டிசம்பர் வரை எலும்புகள் அருகிருந்த தோட்டத்தில் ஒரு மண்மேட்டின்கீழ்ப் புதைத்து வைக்கப்பட்டிருந்தன.

இஃது இவ்வாறாக, பிளாரென்ஸ் யாது செய்தது? சாந்தா குரோச்சே தேவாலயத்தில் 1830-ல் ஒரு பெரிய வெறுங்கல்லறையைத் திறந்துவைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவர்தம் நூலிற் குறிக்கப்பெற்ற வீதி, மாளிகை, கோபுரங்களில் அவ்வவ்விடத்துக்குரிய அடிகளைப் பொறித்த சலவைக்கற் பலகைகள் முப்பதுக்கு மேற்பட்டவற்றைப் பதித்தது. 'தாந்தேயின் இல்லம்' என்று இன்று காட்டப்படும் கட்டடம், அவர் குடும்பத்தார் வாழ்ந்த தெருப்பகுதியில் 1911-ஆம் ஆண்டில் இடைக்கால வீட்டின் சாயலாக எழுப்பப்பட்டதாகும். அருகேயுள்ள சிறு கோயிலொன்றில் அவர் பாடிய பெயத்திரிசை அடங்கியிருப்பதாகக் கருதி, காதலர் பலர் அவள் பெயர்க்குக் கடிதமெழுதி ஒரு கூடையில் இட்டுச் செல்கின்றனர். 1908 முதல் ஆண்டுதோறும் செப்டம்பரில் இராவென்னாவிலுள்ள கல்லறை விளக்கிற்குப் பிளாரென்ஸ் நகரமே எண்ணெய் கொடுத்து வருகின்றது. 2008-ஆம் ஆண்டில், எழுநூறு ஆண்டுக்கு முந்திய தண்டனையை நீக்கி நகரவை ஒரு தீர்மானமும் நிறைவேற்றிற்று.

இவ்விரண்டனுள் எது தாந்தேயின் தலம்? எலும்பு கிடப்பது ஓரிடம். அவர் ஏங்கியது வேறோரிடம். எலும்பைப் பிளாரென்ஸுக்குக் கொடுத்திருப்பின் கவிஞரின் ஏக்கம் தீர்ந்திருக்குமென்று சிலர் கூறலாம். ஆயின் நாடுகடத்தப்பட்டார் என்னும் உண்மையை இன்றும் கல்லில் எழுதியதுபோல் உணர்த்துவது இராவென்னாக் கல்லறையே. அதனை இடம் மாற்றினால், நூலின் உயிர்நாடியாகிய செய்தி ஒன்று மறைந்துவிடும். பிளாரென்ஸ் வைத்த வெறுங்கல்லறையும், அது வெறுமையாய் இருத்தலினாலேயே, தக்கதொரு சின்னமாகின்றது. பண்பாட்டுச் செல்வத்தை அது பிறந்த இடத்திற்கே மீட்டல் வேண்டும் என்பது பல இடங்களில் நீதியேயாயினும், எல்லா இடத்திற்கும் ஒத்த விதியன்று என்பதே எம் கருத்து.

4. இடம் நூலுக்கு உரையாதல்

தாந்தேயின் அடிச்சுவட்டில் நடந்து நூலை ஆராய்ந்தோர் பலர். பிரெஞ்சு அறிஞர் ஆம்பேர் 1839-ல் தம் 'தாந்தே யாத்திரை'யை வெளியிட்டார். ஜெர்மானியராகிய பாஸர்மன் 1897-ல் இத்தாலியிலுள்ள தாந்தேயின் சுவடுகளைக் குறித்துப் பெருநூல் ஒன்று எழுதினார். இவர்கள் இடத்தைக் கண்டு வியந்ததோடு அமையாது, இடத்தை ஓர் உரையாகக் கொண்டு நூலை விளக்கப் புகுந்தனர்.

இவ்வுரையின் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் காண்க. விண்ணுலகக் காண்டத்தில் தாந்தேயின் முன்னோர் ஒருவர், பிறர் தரும் ரொட்டி எவ்வளவு உப்புக்கரிக்கும் என்பதை நீ அறிவாய் என்னும் பொருள்பட அவரை நோக்கிக் கூறுகின்றார். தமிழராகிய நமக்கு உப்பு என்றவுடன் உப்பிட்டவரை நினைக்கும் நன்றியே நெஞ்சில் எழும். அவ்விடத்தின் கசப்பு விளங்குவதரிது. கண்ணீரின் உப்பென்று கொள்வாரும் உளர். பிளாரென்ஸ் நகருக்குச் சென்று ஒருவேளை உண்டவரோ உடனே வேறொன்றும் அறிவர்: அந்நாட்டில் ரொட்டி இன்றளவும் உப்பின்றியே சுடப்படுகின்றது. பிறந்த ஊரின் உப்பில்லா ரொட்டிக்குப் பழகிய நாவிற்கு, வேற்றூர் உணவு ஒவ்வொரு நாளும் தன் நிலையை நினைவூட்டும். உரையாசிரியர் பலர் இவ்வாறும் பொருள் கொள்வர். சலவைக்கல்லும் சிலையும் சொல்லாத ஒரு நுட்பத்தைத் தெருவோர அடுப்பு சொல்லிவிடுகின்றது. யுனெஸ்கோ நிறுவனம் 2003-ஆம் ஆண்டு உடன்படிக்கையில், கைத்தொழில், வாய்மொழி, விழா முதலியனவும் பண்பாட்டுச் செல்வமே என ஏற்றது இவ்வுண்மையை உணர்ந்தேயாம்.

ஆகவே ஒரு தலத்தைக் காணச் செல்லும் மாணவன் மூன்று வினாக்களைக் கையிற்கொண்டு செல்லுதல் நன்று. முதலாவது, நூல் இவ்விடத்தைப் பற்றி மெய்யாகக் கூறுவது யாது? இரண்டாவது, இங்குள்ள கட்டடமும் கல்வெட்டும் எவரால், எப்பொழுது, எதன்பொருட்டு வைக்கப்பட்டன? மூன்றாவது, ஏட்டை மட்டும் கற்று அறியமுடியாத எதனை இவ்விடம் எனக்குக் கற்பிக்கின்றது? முதல்வினா கட்டுக்கதையினின்றும் நம்மைக் காக்கும். இரண்டாவது வினாவுக்குக் கிடைக்கும் விடை, கட்டுக்கதையையும் ஒரு வரலாற்றுச் சான்றாக்கும். ஏனெனில் 1191-ஆம் ஆண்டுச் சிலுவை ஆர்தரைப் பற்றி ஒன்றும் சொல்லாவிடினும் அத்துறவிகளைப் பற்றிப் பெரிதும் சொல்லுகின்றது. மூன்றாவது வினாவே பயணத்தின் பயன்.

இவ்வினாக்களைக் கேளாது கூட்டம் பெருகுவதனால் நேரும் கேடும் சிறிதன்று. பிளாரென்ஸில் பழைய வீடுகள் பல பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறி, குடிமக்கள் வெளியேற, 2023-ல் நகரவை பழைய நகர்ப்பகுதியில் புதிய குறுங்கால விடுதிகளைத் தடுக்க விதிசெய்ய நேர்ந்தது. தாந்தே தம் நூலைப் புலவர்மொழியாகிய இலத்தீனை விடுத்து, அவ்வூர்ப் பெண்டிரும் பேசிய தாய்மொழியில் இயற்றினார். அம்மொழி பேசுவோர் அகன்று, கற்பலகைகள் மட்டும் எஞ்சுமாயின், அந்நகரம் அவர் நூலுக்கு வாயில்லாத உரையாகிவிடும்.

5. நமக்கு அணித்தாய ஒரு கல்லறை

இவ்வாராய்ச்சி மேனாட்டார்க்கு மட்டும் உரியதன்று. சாயர்புரத்திலும் பிறவிடங்களிலும் பணிபுரிந்து, திருக்குறளை 1886-லும், இடைக்காலத் தமிழ்ப் பெருநூலாகிய திருவாசகத்தை 1900-லும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் ஐயர் 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள் காலமாகி, ஆக்ஸ்போர்டு நகரின் புனித செபல்கர் இடுகாட்டில் அடங்கியுள்ளார். அங்குச் செல்லும் தமிழர் இன்றும் உளர். தம்மை ஒரு தமிழ் மாணவன் எனக் கல்லிற் பொறிக்குமாறு அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது என்னும் செய்தி நம் நாட்டில் மேடைதோறும் வழங்குகின்றது. ஆயின் அக்கல்லில் அவ்வாசகம் இல்லை. அவர் பெயரும், அவர் வகித்த பதவிகளும், பிறந்ததும் இறந்ததுமாகிய நாட்களும் உள்ளன. அவற்றோடு, அவர்தம் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பரும் அவருடைய வாழ்நாள் உழைப்பை வியந்து அன்பினால் அக்கல்லை நாட்டினர் என்னும் செய்தியும் காணப்படுகின்றது.

முன்கூறிய மூன்று வினாக்களையும் ஈண்டுப் பொருத்திப் பார்க்க. நாம் கேட்ட கதை, அவர் தம்மைப் பற்றி நினைத்ததாக நாம் விரும்பும் ஒன்று. கல் சொல்லும் செய்தியோ, தமிழர் அவரைப் பற்றி நினைத்ததாக மெய்யாகவே நிகழ்ந்த ஒன்று. கடல்கடந்து வாழ்ந்த நண்பர் சிலர், தாம் என்றும் காணப்போகாத ஓர் இடுகாட்டிற் கல் நாட்டுதற்குப் பொருள் திரட்டினர். கதையினும் இவ்வுண்மை குறைந்த சிறப்புடையதன்று. இதனைக் கற்றுணர்ந்தார்க்கு மிக்க சிறப்புடையதுமாம்.

முடிவுரை

ஒரு தலம் தானே பேசுவதில்லை. நூலைக் கற்றுச் செல்வார்க்கே அது பேசும். கல்லாது செல்வார்க்குக் கட்டடமும் கடையுமாய் முடியும். இலக்கிய யாத்திரையிற் பொய்த்தலங்கள் மலிந்துள்ளமை கண்டு, அதனை முற்றும் இகழ்தலும் வேண்டா. அங்கு வழங்கும் கதையனைத்தையும் நம்பி வியத்தலும் வேண்டா. முதலில் நூல், அதன்பின் வினா, அதன்பின் பயணம் என்னும் முறையே தக்கது. விடுமுறையிற் பல ஊர்களுக்கும் செல்லும் நம் மாணவ நண்பர்கள், அவ்வூரைப் பாடிய நூல் ஒன்றையேனும் முன்னர்க் கற்றுச் செல்வாராயின், அவ்வூர்க் கல்வெட்டும் கோபுரமும் மட்டுமன்றி, அங்கு உண்ணும் சோறும் அவர்க்கு ஓர் உரையாகும்.